தனித் தட்டு

போன் அடிச்சிகினே இருந்துச்சு. வலது பாக்கெட்டுல. எடுக்கலாம்னு கைய விட்டேன், கை போவல. திரும்ப விட்டேன். அது பாட்டுக்கு ஸ்ட்ரெச்சர் ஓரத்துல தொங்கிகினு கீது, எவனோ மறந்து வெச்சிட்டுப் போன பை மாதிரி.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராண்டா. ஒரு மணி நேரம் முன்னாடி ஈசிஆர்ல, வெங்கம்பாக்கம் தாண்டி, குறுக்க வந்த நாய்க்கு பிரேக் அடிச்சேன். வண்டி சறுக்கி, தலை ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம் போயி, ரோட்டுல வலது தோள் இடிச்சிது. ஹெல்மெட் இருந்துச்சு. எலும்பு உடையல. மூஞ்சில ஒரு கீறல் இல்ல. "தப்பிச்சடா"ன்னு சொல்லாத ஆளே இல்ல. கை மட்டும் ஒண்ணும் சொல்லல.

இத நீ தேடிப் புடிச்சி படிக்கிறன்னா உனக்கோ உன் வூட்டு ஆளுக்கோ இதே கேஸா இருக்கும். அதனால ஆறுதல் டயலாக் எல்லாம் வுட்டுட்டு நடந்தத சொல்றேன்.

ஸ்கேன், அப்பறம் ஊசி குத்திப் பாக்குற நரம்பு டெஸ்ட். சென்னைல ஒரு டாக்டர் பேப்பர்ல மரம் மாதிரி ஒண்ணு வரைஞ்சி காமிச்சாரு. பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கழுத்துலேர்ந்து கைக்கு எறங்குற நரம்புக் கொத்து). அதுல மேல கீற ரெண்டு நரம்பு வேரோட பிடுங்கிட்டு வந்துடுச்சாம். கீழ கீறது தப்பிச்சிது. அதனால விரல் மெல்லமா மடங்கும், பேனா புடிக்கும். முழங்கை மட்டும் மடங்காது. அதாவது கை சோத்த எடுக்கும், வாய்க்கு வராது.

"விலா எலும்புக்கு நடுவுல இருக்குற நரம்புல ரெண்டு மூணு எடுத்து கைத் தசையில சேத்துத் தைப்போம்"னாரு. நரம்பு மாற்று ஆபரேஷன் (வேற எடத்து நரம்ப கடன் வாங்கி ஒட்டுறது).

"அது மூச்சு வுடற நரம்பு இல்ல சார்?"

"ஆமா. ஸ்பேர் நெறய இருக்கு. மொதல்ல நீ மூச்ச இழுத்தாதான் கை மடங்கும். போகப் போக மூளை பழகிக்கும்."

"எப்ப மடங்கும்?"

"நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். நல்லபடியா போனா."

நான் இன்ஜினியரிங் படிச்சவன். மனசுலயே கணக்கு போட்டேன். பார்க்கிங்ல வந்து அழுதேன்.

ஆபரேஷன் முடிஞ்சி தையல் காயறதுக்குள்ள பெரியப்பா பொண்ணு கல்யாணம். எங்க பூர்வீகம் கீழக்கரைப் பக்கம், வாப்பா புதுப்பட்டினத்துல கடை போட வந்து இங்கயே தங்கிட்டாரு. ஊர் மாறுனாலும் பழக்கம் மாறல. கல்யாணம்னா சஹன் சாப்பாடுதான். பெரிய தாம்பாளத்துல நெய்ச்சோறு, கறி. நாலு பேர் தரையில சுத்தி உக்காந்து அதே தட்டுலேர்ந்து வலது கையால சாப்புடணும். நானும் வாப்பா பக்கத்துல உக்காந்தேன். வலது கை கழுத்துல மாட்டுன துணித் தொட்டில்ல கீது, இடது கை தயாரா கீது.

எதுக்க என் லாத்தா (அக்கா) புருஷன் நஜீர். நாங்க தெருவுல போறவன் வர்றவன் எல்லாரயும் மச்சான்னுதான் கூப்புடுவோம், இவன் நெஜ மச்சான். என் இடது கையப் பாத்தான். பரிமாறுற ஆளக் கூப்ட்டான்.

"தம்பிக்கு ஒரு தனித் தட்டு கொண்டாப்பா. ஸ்பூனோட. பீச்சாங்கைய எப்டி சஹன்ல வெப்பான்."

எவனோ லேசா சிரிச்சான். வாப்பா சோத்தப் பாத்துகினு இருந்தாரு. தட்டு வந்துச்சு, சின்னப் பசங்களுக்குக் குடுக்குற காயிதத் தட்டு. நான் எழுந்து பசங்க வரிசைல போய் உக்காந்தேன். பக்கத்துல கீற குட்டிப் பொண்ணு, "உங்களுக்கும் சாப்புடத் தெரியாதா"ன்னு கேட்டுச்சு.

"நல்லதுக்குத்தான்டா சொன்னாரு"ன்னா லாத்தா. அவ அவன் பொண்டாட்டி, வேற எப்டி சொல்லுவா.

அவன் தம்பிக்கு அடுத்த வருஷம் நோம்புக்கு அப்பறம் கல்யாணம்னு பேசி முடிச்சிருந்தாங்க. அன்னிக்கே முடிவு பண்ணேன். அந்தக் கல்யாணத்துல, அவனுக்கு எதுக்க, அதே சஹன்ல, வலது கையால சாப்புடுவேன். எல்லாரும் உன் கிட்ட பாசிட்டிவா நெனைன்னு சொல்லுவானுங்க. நான் நெனைக்கல. ஒரு மூஞ்சிய நெனச்சேன். தெனம் காலைல எழுந்து எக்சர்சைஸ் பண்ண அதுவே போதும்.

புதுப்பட்டினத்துலேர்ந்து வாரம் மூணு நாள் சென்னைக்கு, தொங்குற கையோட பஸ்ஸுல போறது ஆவாத வேல. அதுக்குத்தான் தூர மறுவாழ்வு (ஆஸ்பத்திரிக்குப் போவாம வூட்டுலேர்ந்தே எடுத்துக்குற சிகிச்சை). ஒரு டப்பா குடுத்து அனுப்புனாங்க. உள்ள ஒரு டேப்லெட், புஜத்துல மாட்டுற ஒரு பேண்டு. பேண்டுக்குள்ள ஈஎம்ஜி சென்சார் (தசைல ஓடுற கரண்ட்ட அளக்குறது). ஸ்கிரீன்ல ஒரு காத்தாடி (நூல் கட்டி வுடற பட்டம்). மூச்ச இழுத்து கைய மடக்க ட்ரை பண்ணணும். தசைல சிக்னல் வந்தா காத்தாடி ஏறும். மேல ஒரு மேகம் கீது, அதத் தொடணும். நான் மேகத்துக்கு நஜீர்னு பேர் வெச்சேன்.

வாரம் மூணு நாள் வீடியோ கால்ல கயல்விழி மேடம் வருவாங்க, பிசியோ. எங்க வூட்டு மொட்ட மாடில, தண்ணி டேங்குக்குக் கீழ மட்டுந்தான் சிக்னல் கெடைக்கும். பாதி நேரம் அவங்க வாயத் தொறந்தபடி ஃப்ரீஸ் ஆயி நிப்பாங்க. ஆனா அந்தம்மா ஒரு நாள் லேட்டா வந்ததில்ல.

ஆஸ்பத்திரில ஒரு தபா விஆர் கண்ணாடி மாட்டி வுட்டாங்க. அதுக்குள்ள என் ரெண்டு கையும் சும்மா ஜாலியா மேல போச்சு. கழட்டுனா ஒண்ணுதான் மேல கீது. உனக்கும் மாட்டுவாங்க. மாட்டிக்கோ, மூளைக்கு நல்லதாம். கழட்டும்போது பக்கத்துல ஆள் வெச்சிக்கோ.

நாலு மாசம் காத்தாடி தரையவுட்டு எழல. அஞ்சாவது மாசம் ஒரு நாள் ஜிவ்வுனு ஏறுச்சு. மறுநாள் இன்னும் மேல. ஒரே வாரத்துல மேகத்த முட்டுது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். தெனம். யார் யார் பாத்தான்னு லிஸ்ட்டு வருமே, அதுல ஒரே பேரத்தான் தேடுவேன். பாத்தான். கட்டை விரல் தூக்குற பொம்மை ஒண்ணு அனுப்புனான். நல்லா எரியட்டும்னு நெனச்சிகினேன்.

ஆனா கை அசையல.

"ஸ்கோர் இவ்ளோ வருது, முழங்கை ஒரு டிகிரி கூட மாறலயே"ன்னாங்க மேடம். "பேண்டக் கழட்டாம கிட்டக் காட்டுங்க. அது என்ன, கீழ செம்புக் கலர்ல?"

"தாயத்து மேடம். உம்மா கட்டுனது."

"எப்ப கட்டுனாங்க?"

துணி காயப் போட்டுகினு இருந்த உம்மா பின்னாலேர்ந்து பதில் சொல்லுச்சு. "போன மாசம் மொத வெள்ளிக்கிழம. கோவளம் தர்காவுல ஓதி வாங்கியாந்தது."

மேடம் ஸ்கிரீன்ல அசையாம நின்னாங்க. நெட்டு போச்சோன்னு பாத்தேன். போவல, சிரிப்ப அடக்கிகினு இருந்தாங்க.

விஷயம் இதான். நான் மூச்ச இழுக்கும்போது ஒடம்பு ஆடுது. ஆடுனா தாயத்துக் குழாய் சென்சார் மேல தேயுது. மிஷினு அத சிக்னல்னு எடுத்துகினு காத்தாடிய ஏத்துது. கழட்டிட்டு மூச்சு இழுத்தேன். காத்தாடி தரைல படுத்துச்சு.

"பறந்துச்சுல்ல," உம்மா. "பறந்தா போதாதா. உனக்கு எல்லாத்துக்கும் காரணம் வோணும்."

தாயத்து இடது கைக்கு மாறுச்சு. ஸ்டேட்டஸ் எல்லாம் அழிச்சேன். அடுத்த வாரம் நஜீர் வூட்டுக்கு வந்து டீ குடிச்சிகினே கேட்டான்.

"என்ன மாப்ள, காத்தாடியக் காணோம்?"

தெரிஞ்சி கேட்டானா தெரியாம கேட்டானா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிதான் கேட்டான்னு வெச்சிகினேன். அது எனக்கு யூஸா இருந்துச்சு.

மேடம் சொன்னாங்க, "ஸ்கோர கொஞ்ச நாள் மறந்துடுங்க. இடது விரல வலது புஜத்து மேல வெச்சி மூச்ச இழுங்க. தோலுக்கு அடியில ஏதாவது இறுகுதான்னு விரலுக்குத் தெரியும். மிஷின விட விரல் நேர்மையானது." பத்து தபா, தெனம் ஆறு வேள. உனக்கும் இதத்தான் சொல்றேன். மிஷின நம்பு, ஆனா அதுக்கும் தோலுக்கும் நடுவுல இன்னா கீதுன்னு மொதல்ல பாரு.

ஒரு மத்தியானம் உம்மா மொளகா வறுத்துகினு இருந்துச்சு. வூடே நெடி. நான் விரல வெச்சிகினு உக்காந்திருந்தேன். தும்மல் வந்துச்சு. விரலுக்கு அடியில ஒரு சின்ன மீன் பொரண்டு படுத்துச்சு.

அடுத்த கால்ல சொன்னேன். "மூச்சுல வரல மேடம், தும்மல்ல வந்துச்சு."

"தும்மலும் மூச்சுதான். வந்துடுச்சுங்க."

அவங்க கண்ணத் தொடச்சிகினாங்க, இல்ல வீடியோ ஆடுச்சு. இந்த தபா நான் ஸ்டேட்டஸ் போடல. லாத்தா கிட்டயும் சொல்லல. உம்மா வாயக் கட்டத்தான் ரொம்ப கஷ்டப்பட்டேன்.

அப்பறம் மாசக் கணக்குல ஒரே வேல. வலது முட்டிய மடக்கி நிமித்தி, அது மேல முழங்கைய வெச்சி, மூச்ச இழுத்து, பொரிய வாய்க்குக் கொண்டாரணும். பொரி சட்டையெல்லாம் கொட்டும். இருமுனா கை எகிறி மூக்குல குத்தும். எவனாச்சும் ஜோக் அடிச்சி சிரிச்சா கை சலாம் வெக்கும். பொரி போயி அவல், அவல் போயி சோறு. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு முழு மூச்சு. சாப்புடும்போது பேச முடியாது, ஏன்னா மூச்சு அந்தப் பக்கம் போயிருக்கும்.

மேடம் ஒரு நாள், "என்ன கோல் வெச்சிருக்கீங்க"ன்னு ஃபார்ம் நிரப்பக் கேட்டாங்க. சொன்னேன். "பழி வாங்குறதுன்னு டைப் பண்ண முடியாதே"ன்னுட்டு, "குடும்ப விழாவில் உணவு உண்ணுதல்"னு போட்டாங்க.

கல்யாண நாளு. செங்கல்பட்டுல மண்டபம். மொத பந்தி. நானும் வாப்பாவும் பெரியப்பா பையனும் உக்காந்தோம், ஒரு எடம் காலி. நஜீர் மாப்ள வூட்டு ஆளு, எல்லாரயும் உபசரிச்சிகினு சுத்துறான்.

"மச்சான், எங்க சஹன்ல ஒரு ஆள் கொறயுது. வாங்க."

வந்தான். என் வலது கையப் பாத்தான். தலையத் திருப்பி பரிமாறுற ஆளத் தேடுனான்.

"யாரயும் கூப்புடாதீங்க. உக்காருங்க."

உக்காந்தான். நான் முட்டிய நிமித்தி முழங்கைய வெச்சேன். குனிஞ்சி விரல்ல சோத்த எடுத்தேன். மூச்ச இழுத்தேன். கை வந்துச்சு. நடுங்கிகினே வந்துச்சு, ஆனா வாய்க்குத்தான் வந்துச்சு. அவன் கண்ண எடுக்கல.

சஹன்ல ஒரு வழக்கம் கீது. கடசி ஆள் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் எவனும் எழுந்திரிக்க மாட்டான். எழுந்தா சாப்புடுறவன அவமானப்படுத்துன மாதிரி. அதுவும் கல்யாண வூட்டுக்காரன் எழுந்தா கேக்கவே வேணாம். இத நான் பிளான் பண்ணல. எதுக்க உக்காந்து சாப்புடணும்னு மட்டுந்தான் ஒன்றர வருஷமா யோசிச்சேன். அவங்க மூணு பேரும் முடிக்கும்போது நான் எட்டாவது கவளத்துல இருந்தேன். அப்பதான் எனக்கே புரிஞ்சிது.

ரெண்டாவது பந்திக்கு ஆளுங்க பின்னால வந்து நின்னுட்டானுங்க. போட்டோக்காரன் வந்து, "மாப்ள வூட்டு ஆளுங்க ஸ்டேஜுக்கு வாங்க"ன்னான். நஜீர் லேசா எழுந்தான்.

"புள்ள சாப்ட்டுகினு கீறான்"னாரு வாப்பா. தலையக் கூட தூக்கல.

உக்காந்தான். அவன் விரல்ல நெய் காய ஆரம்பிச்சிது. கறித்துண்டு ஒண்ண பிச்சி என் பக்கம் தள்ளுனான். நான் அத அவன் பக்கமே திருப்பித் தள்ளுனேன்.

"நீங்க சாப்டுங்க மச்சான்."

"எனக்குப் போதும் மாப்ள."

"அப்ப இருங்க."

கொஞ்ச நேரம் கழிச்சி கொரல எறக்கி, "வலிக்குதாடா"ன்னான். இல்லன்னு தலையாட்டுனேன். வலி உயிர் போச்சு. வயிறும் எப்பவோ ரொம்பிடுச்சு.

மன்னிச்சிட்டியான்னு கேக்காத. மன்னிக்கல. அவன் கெட்டவனும் இல்ல, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா இந்த ஒன்றர வருஷமா எல்லார் அவசரத்துக்கும் நான் லேட்டு. பஸ்ஸுக்கு லேட்டு, பட்டன் போட லேட்டு, வேலைக்கு லேட்டு. அன்னிக்கு மண்டபத்துல மட்டும் நேரம் என் விலா எலும்புலேர்ந்து கெளம்புச்சு. நான் மூச்ச இழுத்தாதான் அடுத்த நிமிஷம். பந்திக்கு நிக்கிறவன், போட்டோக்காரன், மேடைல மாப்ள, பொண்ணு, எதுக்க நஜீர், எல்லாரும் அதுக்கு வெயிட் பண்ணிகினு கீறானுங்க. இந்தக் கை பழைய கை இல்ல. பழசு இவ்ளோ பேர நிறுத்தி வெச்சதில்ல.

தட்டுல இன்னும் சோறு இருந்துச்சு. அவசரப்படாம மூச்ச இழுத்தேன்.