ஒன்பதாவது நடைமேடை

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பேருந்து ஒன்பதாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது.”

குரல் சமையலறையிலிருந்து வந்தது. கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த டிரைவர் கையை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் பத்தொன்பது வருடம் ஒலித்த, அவர் மனைவியின் அதே குரல். பிசிறில்லை, தடுமாற்றமில்லை.

“கேட்டியா? எங்கயாவது திக்குதா?” என்று தன் தங்கையிடம் கேட்டார்.

அவள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அதெல்லாம் சரிண்ணே. காலையில உப்பு வேணும்னா, ‘ஜன்னல் எடு, ஜன்னல் எடு’ங்கறாங்க அண்ணி. என்னை டயர்னு கூப்பிடறாங்க.”

“ஏதோ வாய் தவறி வந்திருக்கும்.”

“எங்க தவறுச்சு? என் உடம்பப் பாத்து பதினேழு வருஷமா மனசுல வெச்சிருந்தது இப்பதான் வெளிய வருது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. மணி பத்தே முக்கால். பதினோரு மணிக்கு நிலைய அதிகாரி வருகிறார்.

சமையலறையில் மைக் அக்கா மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீக்கடைக்காரரிலிருந்து கண்டக்டர் வரை நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்காதான். நான்கு மாதம் முன்பு ஒரு மதியம், மைக் முன்னால் உட்கார்ந்தபடியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். கை கால் தேறிவிட்டது. சொற்கள்தான் தேறவில்லை. ஒவ்வொரு சொல்லும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போய் எடுத்தால் கையில் வேறொன்று இருக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். “பாட்டு, எண்ணிக்கை, வருஷக்கணக்கா வாயில ஊறினது, இதெல்லாம் அப்படியே வரும் சார். அதைக் கேட்டு ஏமாந்துடாதீங்க. வேணுங்கற ஒரு வார்த்தைய வேணுங்கற நேரத்துல எடுக்கறதுதான் பேச்சு. அது இன்னும் வரல.”

டிரைவர் தலையாட்டிவிட்டு வந்தார். மறுவாரமே குளியலறையிலிருந்து அவள் அறிவிப்புக் குரல் கேட்டது. ஓடிப்போய் அதிகாரிக்குப் போன் போட்டுவிட்டார். “பேச்சு வந்திருச்சு சார்! வேற ஆள் எடுத்துடாதீங்க!”

அன்றிலிருந்து பதினொரு நாள் பயிற்சி. காலை அட்டவணையைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை வரிசையாகச் சொல்லவைத்தார். அவளும் சொன்னாள். ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது தானாக வந்தது. அவர் கண்கலங்கினார். அவளோ பயந்தாள். நிலையத்தில் என்றைக்கு வண்டிகள் வரிசையாக வந்திருக்கின்றன?

அவளுடைய பயத்துக்கு ஒரு பழைய முகம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒன்பதாவது நடைமேடை என்று சொல்ல வேண்டியவள், கவனக்குறைவாக ஆறு என்று சொல்லிவிட்டாள். கூட்டம் வளாகத்தின் குறுக்கே ஓடியது. ஒரு பேருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி தடுக்கி விழுந்தாள். பிரேக் கிறீச்சிட்டது. சக்கரத்துக்கும் குழந்தையின் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி.

அந்த பிரேக்கை மிதித்தவர்தான் இன்று கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். மைக்காரியை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அறிவிப்பு அறைக்கு மாடிப்படி ஏறியவர், மைக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறவளைப் பார்த்ததும் கேள்வியை மறந்தார். அது கல்யாணத்தில் முடிந்தது. ஆனால் அந்தக் கிறீச்சை மைக் அக்கா மறக்கவில்லை. அன்று முதல் அட்டவணையில் நடைமேடை எண்ணின் மேல் விரலை வைக்காமல் அவள் வாய் திறந்ததில்லை.

அழைப்பு மணி அடித்தது.

நிலைய அதிகாரி குடையை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து, அவளை வேலையில் திரும்பச் சேர்க்கும் கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னம்மா மைக் அக்கா! நீங்க இல்லாம நிலையமே ஊமையாப் போச்சு. இப்ப ஒருத்தன் கத்தறான் பாருங்க, காய்கறி ஏலம் போடற மாதிரி இருக்கு. ஜனங்க திட்டறாங்க.”

அவள் புன்னகைத்தாள். பதில் சொல்ல உதடு பிரிந்தது. டிரைவர் முந்திக்கொண்டார். “கொஞ்சம் கூச்சம் சார். நேரா சோதனைக்கே போயிடலாம். மேலேருந்து வரிசையாச் சொல்லச் சொல்லுங்க.”

அதிகாரி அச்சடித்த அட்டவணையை நீட்டினார். முதல் வரி. அவள் குரல் எழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு... கூடம் பேருந்து நிலையமாக மாறியது. கதவோரம் நின்ற நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பத்தாவது வரி முடிந்தபோது அதிகாரி தொடையில் தட்டினார்.

“அடேங்கப்பா! எனக்கு இது போதும். திங்கட்கிழமை காலை ஷிப்ட் வந்துடுங்க.” பேனாவின் மூடியைத் திறந்தார்.

டிரைவர் மனைவியைப் பார்த்த பார்வையில் பதினேழு வருடக் காதலும் இருந்தது. அவளுக்கோ காதில் பிரேக் கிறீச்சிட்டது. திங்கட்கிழமை. துறைமுக வண்டி தாமதம். வரிசை உடையும். அவள் வாய் திறக்கும். அழகான, தெளிவான, எல்லோரும் நம்புகிற குரலில் ஒரு தப்பான எண் வரும். கூட்டம் ஓடும்.

சொல்ல வேண்டும். எந்தச் சொல்லால் சொல்வது?

அவள் எட்டி அதிகாரியின் பேனாவைப் பிடித்தாள்.

“என்னம்மா?”

அட்டவணையைத் திருப்பி, நடுவில் துறைமுக வரியைத் தொட்டாள். எண்ணைக் கட்டைவிரலால் மறைத்தாள். கேளுங்கள் என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

“துறைமுகமா? சரி. எத்தனையாவது நடைமேடை?”

“நாலு,” என்றாள். கணீரென்று வந்தது.

டிரைவரின் முகம் வெளுத்தது. “பதற்றம் சார்! இப்பத்தான் சரியாச் சொன்னா...”

அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். வேறொரு வரியைத் தொட்டாள். “நாலு.” இன்னொன்று. “நாலு.” பிறகு துறைமுகத்துக்கே திரும்பி, விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். “ஒன்று. இரண்டு. மூன்று...” நடுவில் ஒருமுறை தவறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. “...எட்டு. ஒன்பது.” கட்டைவிரலை எடுத்தாள். அடியில் ஒன்பது இருந்தது.



“இதுக்குள்ள வண்டி ரிவர்ஸ் எடுத்திருக்கும்மா,” என்றார் அதிகாரி தாழ்ந்த குரலில்.

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, ஒரு சாண் அளவுக்கு விரல்களை விரித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, பிரேக் மிதித்த அந்தக் காலைக் கையால் அழுத்திக்கொண்டார்.

“நான்தான் சார்... நான்தான் மறந்துட்டேன்.”

அதிகாரி கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மடித்து உறைக்குள் வைத்தார். “வேற ஆள் போட்டுத்தான் ஆகணும். நாற்காலி காத்திருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்மா. தேறினா சொல்லி அனுப்புங்க. அப்ப இடம் இருக்கான்னு பாக்கறேன்.” குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். “வரட்டுமா?”

போய்ட்டு வாங்க. இரண்டே சொற்கள். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேடினாள். இந்தக் குரலில் தனக்கென்று ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? கிடைத்துவிட்டது போலிருந்தது. வாய் திறந்தாள்.

“புறப்படத் தயாராக உள்ளது.”

அதிகாரி தலை குனிந்தபடி படியிறங்கினார். காலடி ஓசை தேயும்வரை டிரைவர் வாசலிலேயே நின்றார். பிறகு, மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், கதவைச் சாத்தினார்.