முக்கால் கிராம் உப்பு

ஆறு வயதில் வந்த காய்ச்சலை ஜெயித்தாள். இடது காதை மட்டும் அதற்குக் கொடுத்துவிட்டு வந்தாள். "பொம்பளைங்களால இந்த அண்டாவைத் தூக்க முடியாது" என்ற மேலாளரை, அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்து ஜெயித்தாள். இரண்டு பிளம்பர்கள் கைவிட்ட அடைப்பை சைக்கிள் கம்பியால் ஜெயித்தாள். கேரம் ஆட்டத்தில் அண்ணனைப் பதினொரு முறை ஜெயித்தாள். அண்ணன் கணக்கில் ஒன்பது. இத்தனையையும் ஜெயித்தவள் ஒரு சிட்டிகை உப்பிடம் தோற்றது, நவம்பர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை.

நாற்பது மேசை போட்ட உணவகம் அது. அதன் பின்கட்டில், பாத்திரம் கழுவும் அறையில் பதினான்கு வருடமாக நிற்கிறாள். எப்போதும் முழங்கை வரை நுரை. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் நுரையக்கா. வீட்டில் மட்டும், முப்பத்தெட்டு வயதிலும், அண்ணனுக்குக் குட்டி.

வருடத்துக்கு இரண்டு முறை அங்கே பானங்களின் கார்டு மாறும். போன முறை, பானங்கள் கலக்கும் மாஸ்டருக்குப் புகை வாசனை பிடித்துப்போனது. ஆரஞ்சில் புகை, ஆப்பிளில் புகை, வெறும் சோடாவில்கூடப் புகை.

"புகை போட்ட கிளாஸ் எல்லாம் நாலு விரல் மிச்சத்தோட வருது, மாஸ்டர்" என்றாள் நுரையக்கா. "யாரும் குடிக்கறதில்ல. போட்டோ எடுத்துட்டு வச்சிடறாங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "அப்ப என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

"கொஞ்சம் உறைப்பு, கொஞ்சம் புளிப்பு. அது ரெண்டும் இருக்கற கிளாஸ்ல ஐஸ்கூட மிஞ்சாது."

"வாயால சொல்றது யாருக்கும் சுலபம். கார்டுல ஒரு வரி காலியா இருக்கு. செஞ்சு காட்டுங்க பார்ப்போம்."

அவர் கிண்டலுக்குச் சொன்னதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். அன்னாசித் துண்டுகளை ஓரம் கருகச் சுட்டு, சாறு பிழிந்து, எலுமிச்சையும் இடித்த மிளகும் உப்பும் சேர்த்தாள். கழுவும் வேலைக்கு நடுவில் நின்றபடியே மூன்று வாரம் ருசி பார்த்துப் பார்த்துத் திருத்தினாள். அண்ணனுக்குத் தராசு பழுது பார்க்கும் தொழில். அவளுடைய சிட்டிகையை மூன்று தடவை நிறுத்து, கிளாஸுக்கு இரண்டு கிராம் என்று குறித்துக் கொடுத்தான்.

அந்த வியாழக்கிழமை முதலாளியம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். உடனே தண்ணீர் கேட்டார். கிளாஸ் கழுவ வந்தது, முக்கால் பங்கு நிறைந்தபடி. வேறு யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளே அதைத் தொட்டியில் கொட்டினாள்.

"புதன்கிழமை நாலு மணிக்குக் கார்டு அச்சுக்குப் போகுது" என்றார் மாஸ்டர். "அதுவரைக்கும் வேணும்னா பாருங்க."

இந்த ஒரு வரி போனால், இனி யாரும் தன்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, அண்ணன் எடைக்கற்களோடு வந்து சேர்ந்தான். உப்பு கூடிப்போனதென்றால் சமையலறைத் தராசு பொய் சொல்கிறது என்பது அவன் கட்சி. ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தான்.

"சனியன், சரியாத்தான் இருக்கு" என்றான், ஏமாற்றத்தோடு.

பிறகு ஏசி ஓடிக்கொண்டிருந்த காலிக் கூடத்தில் போய் உட்கார்ந்தான். அவள் ஒரு கிளாஸ் கலந்து எடுத்து வந்தாள். ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் அஷ்டகோணலானது.

"கடல்ல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு, குட்டி!"

அவள் வாங்கிக் குடித்துப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? உனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு."

"என் நாக்கு இருக்கட்டும். மூச்சு வாங்குது உனக்கு, முதல்ல உட்காரு."

பதினான்கு வருடத்தில் அந்த நாற்காலிகளில் அவள் உட்கார்ந்ததே இல்லை. தோளில் கிடந்த துண்டை விரித்து, அதன் மேல் உட்கார்ந்தாள். அண்ணிக்குப் புது மிக்ஸி வாங்குவதா, பழையதையே ரிப்பேர் செய்வதா என்று இருவரும் இருபது நிமிடம் மல்லுக்கட்டினார்கள். வியர்வை அடங்கி, கை சில்லிட்டது. பேச்சுவாக்கில் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தவள், "அய்யே!" என்று கீழே வைத்தாள்.

"இப்ப யாருக்கு நாக்கு செத்துச்சு?" என்றான் அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை. கழுவும் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நான் அந்த வெந்நீர் ஆவியில வேர்த்துக் கொட்டிக்கிட்டே ருசி பார்த்திருக்கேன். வேர்த்த உடம்பு உப்புக்கு அலையும். இங்க வந்து உட்கார்றவங்களுக்கு எங்க வேர்க்குது?"

செவ்வாய்க்கிழமை மாஸ்டரிடம் கேட்டு ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் ருசி பார்த்தாள்.

"ஆர்டர் எடுத்துக்கலாமா, மேடம்?" என்று சர்வர் சீண்டினான்.

"ஒரு தண்ணி. மரியாதையா கொண்டா."

இரண்டு கிராம் ஒன்றரையானது, பிறகு ஒன்று, கடைசியில் முக்கால். முக்காலில் மிளகு தனியாகத் தலைகாட்டியது, சுட்ட அன்னாசியின் இனிப்பு அதன் பின்னாலேயே வந்தது.

புதன்கிழமை மூன்றரைக்கு முதலாளியம்மா மறுபடி உட்கார்ந்தார். நுரையக்கா போய் எட்டிப் பார்க்கவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டே காத்திருந்தாள். கிளாஸ் வந்தது. அடியில் நாலு மிளகுத் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் இல்லை.

பின்னாலேயே மாஸ்டர் செய்முறை அட்டையோடு வந்தார். உருவாக்கியவர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவரைக் கேட்காமல் மாஸ்டர்கூட அளவை மாற்றக்கூடாது என்பது அந்தச் சமையலறையின் சட்டம்.

நுரையக்கா கட்டைவிரலை நீட்டினாள். எழுதத் தெரியாமல் இல்லை. கோணலாக வரும் என்ற கூச்சத்தில் வங்கியானாலும் வாடகைப் பத்திரமானாலும் ரேகைதான்.

"ரேகை எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல வைங்க" என்றார் மாஸ்டர். "நாளைக்கு நானே உப்பைக் கூட்டினாலும், யாரைக் கேட்டுய்யா கூட்டினேன்னு நீங்க என் சட்டையைப் பிடிக்கணும். பேரு வேணும், நுரையக்கா."

அவள் கையை இரண்டு முறை துடைத்தாள். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அதை அடிக்கவில்லை. அடியில் தேதியையும் அவளே போட்டாள்: 9 நவம்பர் 2022, புதன்கிழமை.