பேச்சில்லாத ஏற்றம்

என் வீட்டுக்காரரின் இடது காதில் பாதி கிடையாது. அந்தப் பாதியை அவருடைய சொந்தத் தம்பி அருவாளால் எடுத்துவிட்டான். தலைக்குக் குறிவைத்த வெட்டு, அவர் சட்டென்று குனிந்ததால் காதோடு போயிற்று. பதிலுக்கு இவர் மண்வெட்டிக் காம்பால் அவன் வாயிலேயே போட்டார். முன்பற்கள் வரப்பில் விழுந்தன. நான் மட்டும் சும்மா நின்றேனா? என் ஓரகத்தியின் கொண்டையைப் பிடித்துச் சேற்றில் அமுக்கினேன். அவள் என் முழங்கையைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு வரப்பு. செய்யூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி அண்ணன் தம்பி நிலம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தது. நடுவில் இருந்த வரப்பைக் கொழுந்தன் வெட்டிவிட்டான். அன்று காலையில் இவர் போய்ப் பார்த்தார், பார்த்த கையோடு மண்வெட்டியைத் தூக்கினார். ஏன் வெட்டினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கேள்வி கேட்கிற பழக்கமே கிடையாது.

ஊர்ப் பெரியவர்கள் எல்லையம்மன் கோயிலில் கூடினார்கள். வெட்டினது யார், அடித்தது யார் என்று விசாரித்தார்கள். அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. "பேசுனாத்தானே சண்ட வருது? இனிமே ரெண்டு வூட்டு ஆம்பளைங்களும் பேசிக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார் நாட்டாண்மை. இரண்டு பேரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து போனார்கள்.

ஒருத்தருக்கும் கிணறு ஞாபகம் வரவில்லை.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது, அதன் மேலிருந்த ஏற்றமும் பொது. ஐம்பதுகளில் எங்கள் பக்கம் கரண்டும் வரவில்லை, எஞ்சின் வைக்க எங்களுக்கு வக்கும் இல்லை. ஏற்றம் இறைக்க இரண்டு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் மேலே நீட்டு மரத்தில், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் வந்தால், கழியில் கட்டிய சால் வாளி தண்ணீருக்குள் இறங்கும், எதிர்ப்பக்கம் போனால் ஏறும். கொழுந்தன் கிணற்றின் மேல் போட்ட பலகையில் நின்று, கழியைப் பிடித்துச் சாலை மேலே வாங்கி வாய்க்காலில் கவிழ்ப்பான். மரத்தில் நடக்கிறவர் கீழே பார்க்கக் கூடாது, கிறுகிறுத்துவிடும். அதனால் கீழே இருக்கிறவன் சாலுக்கு ஓர் அடி பாட்டுப் பாடுவான். பாட்டின் கடைசிச் சொல் காதில் விழுந்த பிறகுதான் மேலே இருக்கிறவர் திரும்புவார். கண் அவனுடையது, கால் இவருடையது.

கேழ்வரகு கதிர் வாங்குகிற சமயம். வற்றிப்போன ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இறைக்காவிட்டால் இரண்டு வீட்டிலும் கஞ்சி இல்லை. அதனால் இரண்டு பேரும் கட்டுப்போட்ட தலையும் வீங்கின வாயுமாக ஏற்றத்துக்கு வந்தார்கள். பேச்சில்லை, பாட்டும் இல்லை. பாட்டு பேச்சில் சேராது என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள். "என் பல்ல ஒடச்சவனுக்கு நான் பாட்டு வேற பாடணுமா?" என்று கேட்டுவிட்டான் கொழுந்தன். மேலே இவர் கழியின் கனத்தை வைத்து உத்தேசமாக நடந்தார். கீழே நிற்பவன் கையை ஒரு முறை விட்டால் போதும், என் தாலி போய்விடும்.

நான் அருவாளை எடுத்துக்கொண்டு போய் கிணற்று மேட்டில், கொழுந்தனுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். "அவுரு வுழுந்தா அடுத்தது நீதான்டா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவன் கழுத்தில் எந்த இடம் என்பது வரைக்கும் பார்த்து வைத்திருந்தேன். எனக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. வெட்டியிருப்பேன், அதில் சந்தேகமில்லை.

தினமும் அப்படித்தான் போயிற்று. ஒருநாள் அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான். "அண்ணி, அந்த அருவாள அப்பால போடு. அதப் பாத்துகினே எறச்சா எனுக்குக் கை நடுங்குது. கை நடுங்குனா அவன்தான் வுழுவான்."

"நடிக்காத" என்றேன். அருவாளை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அன்று வெயில் ஏறுவதற்குள் அது நடந்தது. நீர் கீழே போய்விட்டதால் கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு வேர் துருத்திக்கொண்டிருந்தது. ஏறி வந்த சால் அதில் மாட்டிக்கொண்டது. கீழே இருந்தவனுக்கும் எனக்கும் அது தெரிந்தது, மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை. சால் கனக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் ஓர் எட்டு பின்னால் வைத்து மிதித்தார். "நில்லு" என்று ஒரு சொல் வேண்டும். கொழுந்தன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கும் கத்தத் தோன்றவில்லை. வேர் அறுந்தது. மரத்தின் பின்பக்கம் தரையில் இடி மாதிரி இறங்கியது. இவர் காற்றில் எகிறிக் கருங்கல் குவியலில் குதிகால் பட விழுந்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. எகிறிய கழி கொழுந்தனின் நெற்றியைப் பிளந்தது.

நான் அருவாளோடு ஓடினேன். எனக்கு முன்னால் அவன் ஓடிப்போய் அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். முகமெல்லாம் ரத்தம், கண் திறக்க முடியவில்லை. நான் ஓங்கினேன்.

"வெட்டிக்க அண்ணி. மொதல்ல இந்தக் காலப் புடி" என்றான்.

அப்போது என் வீட்டுக்காரர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "டேய், நாயே, ஏன்டா கத்தல?"

"சத்தியம் பண்ணிக்கினோமே!" என்று சொல்லிவிட்டு அவன் ஓவென்று அழுதான்.

அருவாள் என் கையிலிருந்து தானாக இறங்கியது. இவர் அவனை விடவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "வரப்ப ஏன்டா வெட்டுன? அதச் சொல்லு."

"இப்பக் கேக்குற பாரு! நீ மூத்தவன்னு தெனமும் மொத எறப்பு உன் நெலத்துக்கு. என் மொற வர்றப்போ கெணத்துல சேறுதான் கீது. என் கேவுரு பாதி கருகிப்போச்சு, பாத்தியா நீ? உன் தண்ணி கொஞ்சம் இந்தாண்ட கசியட்டும்னுதான் வெட்டுனேன்."

"வாயத் தொறந்து கேட்டா இன்னாடா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

இவர் அவன் சட்டையை விட்டார். பிறகு, "குடுத்திருக்க மாட்டேன். ஆனா யோசிச்சிருப்பேன்" என்றார். கால் உடைந்து கிடக்கிற மனிதருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவன் கொழுந்தன்தான். நெற்றியில் என் முந்தானைக் கிழிசல் கட்டியிருந்தது. வழியெல்லாம் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே போனார்கள். சத்தியத்தை மீறிவிட்டார்கள் என்று நாட்டாண்மை என்னிடம் வந்து குதித்தார். "அப்போ நீங்க வந்து பாடுங்க, எறச்சிக்கிறோம்" என்றேன். போய்விட்டார்.

முதல் இறைப்பு இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிவாயிற்று. அதிலும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்தார்கள். ஆனால் கோணலாகக் கூடின குதிகாலோடு இவரால் இனி மரத்தில் நடக்க முடியாது. இவர் கீழே பலகைக்கு வந்தார், தம்பி மேலே போக வேண்டும். இந்தத் தடவை கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தவள் என் ஓரகத்தி. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நான் அருவாளோடு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

கொழுந்தன் மரத்தில் ஒரு காலை வைத்தான். வைத்தபடியே நின்றுவிட்டான்.

"யண்ணா, மனசுல எதனா கீதா? இருந்தா இப்பவே சொல்லிடு. ஏறுனதுக்கப்புறம் வோணாம்."

என் வீட்டுக்காரர் பாதிக் காதைத் தடவிக்கொண்டார். "கீது" என்றார்.

பிறகு திட்டினார். காதில் ஆரம்பித்து, சின்ன வயதில் இவன் தின்றுவிட்ட பனங்கிழங்குவரை போனார். அவன் ஒற்றைக் காலில் நின்று கேட்டான். தன் பற்களைப் பற்றி அவனும் நாலு வார்த்தை விட்டான். சவுக்குத் தோப்பில் விறகு பொறுக்கினவர்கள் மறுபடியும் வெட்டுக்குத்து என்று ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை, இறைக்கப் போகிறார்கள் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

"ஆச்சா?" என்று அவன் கேட்டான்.

"ஆச்சு. ஏறு."

அவன் ஏறினான். ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள், தான் கடித்த அதே கையை. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். கழுதை கெட்டது போங்கள், அப்படி ஒரு குரல். மேலே நின்றவன் கீழே பார்க்காமல், அந்தக் குரல் முடிகிறவரை காத்திருந்து, திரும்பி அடி எடுத்து வைத்தான்.