கடற்பசுவைக் கட்டிய கயிறு

ஆடு, மாடு, கோழிக்கு வைத்தியம் பார்ப்பவள் நான். எங்கள் தீவின் புரோத்ராபூரில் ஒரு பசுவின் வயிற்றில் குறுக்கே கிடந்த கன்றை ஒருவழியாக வெளியே எடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பில் கடற்பசு ஒன்று வலையில் மாட்டியிருக்கிறதாம். வனத்துறை வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான், கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள் என்றார்கள். கறை படிந்த சட்டையோடு ஸ்கூட்டரை எடுத்தேன்.

சின்ன மர ஜெட்டி. படகுக்காரரும் அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து தீவுக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம்; பேச்சில் தீவின் இந்தி கலந்து வரும்.

"பானி சூவர் பத்திரமா இருக்கு மேடம்" என்றார் அவர். கடற்பசுவுக்குத் தீவில் அதுதான் பெயர். "என் புது வலைய அறுத்துத்தான் எடுத்தேன். ஓடிடாம வால்ல கயிறு போட்டு வெச்சிருக்கேன்."

கீழே எட்டிப் பார்த்தேன். கடல் வற்றியிருந்த நேரத்தில் ஜெட்டித் தூணின் அடியோடு கட்டியிருக்கிறார். இப்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கயிறு விறைத்துவிட்டது. கடற்பசு முழு உடம்பையும் நீட்டி, மூக்கை மட்டும் வெளியே தூக்கி, ஒரு மூச்சு இழுத்தது. அடுத்த அலை அந்த மூக்கை மூடியது. படகைக் கட்டினால் ஓதத்துக்குத் தக்கபடி கயிறு விடத் தெரிந்த மனிதர், பயத்தில் மாட்டைக் கட்டுவதுபோல ஒட்டக் கட்டிவிட்டார்.

"அவிழ்த்து விடுய்யா! மூச்சு முட்டிச் செத்துப்போகும்!"

"வேணாம் மேடம். பாக் கயா தோ, ஓடிட்டா நான்தான் மாட்டுவேன். அடிச்சுத் தின்னுட்டான்னு கேஸ் போட்டுருவாங்க. வண்டி வந்து பாத்துரட்டும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்குள் கடற்பசு இரண்டு முறை எம்பியும் மூக்கு வெளியே வரவில்லை.

அவர் மனைவிக்குத்தான் வழி தோன்றியது. போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நீங்கதான் அறுத்தீங்கன்னு சொல்லுங்க மேடம். நான் வீடியோ எடுக்கிறேன்."

"கயிறு அறுத்தது நான்தான். கேஸ் வந்தா என் மேல போடுங்க!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அவர் படகிலிருந்த அரிவாளை நீட்டினார். வாங்கிக்கொண்டு குதித்தேன். தண்ணீர் மார்புவரை வந்தது. வாலைச் சுற்றிய முடிச்சு எங்கேயோ ஆழத்தில் இருந்தது. கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை. கயிற்றைத் தடவிக்கொண்டே போய் ஈர நைலானை அறுத்தேன். அறுபடவே மாட்டேன் என்றது. பக்கத்தில் அந்தப் பெரிய உடம்பு துடிப்பதை நிறுத்தியிருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கயிறு பட்டென்று விட்டது. அவரும் தண்ணீரில் குதித்தார். நானும் அவரும் சேர்ந்து அடியில் கை கொடுத்து அதை மேலே தூக்கினோம். மூக்குத் துளைகள் திறந்து, புஸ்ஸென்று காற்றும் தண்ணீரும் என் முகத்தில் தெறித்தன. நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

கைக்கு அகப்பட்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என் கண்ணில் பட்டது நல்லதாக இல்லை. கொழுப்பு வற்றிப் பிடரி குழி விழுந்திருந்தது. தோலில் ஆறாத புண்கள். அது கழித்த சாணம் மிதந்து வந்தபோது அதில் பிளாஸ்டிக் கிழிசலும் வலை நூலும் சுருண்டிருந்தன.

அது எங்கள் கையிலிருந்து நழுவியது. ஆழக் கடல் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. விரிகுடாவுக்குள்ளேயே திரும்பி, கரையோரத்தில் முகத்தைத் தரையில் வைத்து உழுதது. சேறு கிளம்பியது. மேலே வந்து மூச்செடுத்தது. மறுபடியும் அங்கேயே இறங்கி உழுதது.

"அங்க முழுக்க இது தின்னுற புல்லா இருந்துச்சு மேடம். படகு விசிறியில எல்லாம் சுத்திக்கும்" என்றாள் அவர் மனைவி. "மேல மலைய வெட்டினதுல இருந்து மழைக்கு மண்ணு வந்து மூடுது. வெயில் காலத்துல தண்ணியும் சுடுது, மிச்சம் இருந்ததும் கருகிப்போச்சு. இப்ப ஸிர்ஃப் கீச்சட், வெறும் சேறு."

என் காலடியிலும் சேறுதான். படகுக்காரர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதைக் கொண்டுபோய் யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

அவர் மார்பளவு தண்ணீரில் நின்று, அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கடற்பசுவைப் பார்த்தார்.

"ஓடவே இல்லையே மேடம்" என்றார். "பசியில நிக்குது. இதையா ஓடிடும்னு கட்டிப்போட்டேன்?"