பக்கத்து கோடவுனில் மாட்டிய படம்

துபாய் அல் கூஸில் எங்கள் அலுமினியப் பட்டறைக்குப் பக்கத்து கோடவுனை ஒரு வெள்ளைக்காரி வாடகைக்கு எடுத்தபோது முதலில் சிரித்தவன் நான்தான். டயர் கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் படம் மாட்டிக் காட்டப்போகிறாளாம். கலைஞர்கள் வந்தால் இந்த ஏரியாவே மாறிவிடும், முனிசிபாலிட்டியும் உதவுகிறது என்று எங்கள் போர்மேனிடம் சொன்னாள். ஏரியா மாறினால் நாங்கள் எங்கே படுப்பது என்று எவனும் கேட்கவில்லை. என் மரமண்டைக்கும் அது உறைக்கவில்லை.

பட்டறைக்கு மேலே பலகை அடித்து எட்டுப் பேர் தங்கியிருந்தோம். அங்கே ஆள் தங்கக் கூடாது. ஏழு பேரிடம் லேபர் கார்டாவது இருந்தது, நாங்கள் பத்தாக்கா என்போம். எட்டாமவன் ருவைஸில் விசா கொடுத்த முதலாளியிடமிருந்து, அதாவது கபீலிடமிருந்து, ஓடிவந்த தச்சன், பரமக்குடிப் பக்கம். அப்படி ஓடிவந்தவர்களுக்குக் கல்லிவல்லி என்று பெயர். பிடித்தால் ஜெயில், அப்புறம் ஊர், திரும்பி வரவே முடியாது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

வெள்ளைக்காரி தச்சன் வேண்டும் என்றபோது அவனைக் கூட்டிப்போய் விட்டவன் நான்தான். பிளைவுட்டில் சுவர் சுவராக அடித்துக் கொடுத்தான். வேலை செய்கையில் அவள் அவனைப் படம் எடுத்தாள்.

"படம் எதுக்குண்ணே எடுக்குது?"

"ஆல்பத்துல ஒட்டி வச்சிக்கும்டா, வேலையப் பாரு."

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பார்த்தால், வாசலுக்கு நேரே, ஆள் உயரத்துக்கு அவன் முகம். அன்று காலையில்தான் இரண்டு பேர் ஒவ்வொரு ஷட்டரின் நம்பரையும் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். டீ கொண்டுவந்த மலையாளி, செக்கிங் மாதிரி தெரியுது என்று சொல்லிவிட்டுப் போனான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் அவன் நிற்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். நல்ல மனசுதான் அவளுக்கு.

"வேணாம்ணே. மனசு ஒரு மாதிரியா இருக்கு."

"அட வாடா. வெள்ளைக்காரி விருந்துல எவன்டா பத்தாக்கா கேக்கப்போறான்?"

மறுநாள் விழாவுக்கு என் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். சாயங்காலம் வெள்ளைக் கந்தூரா அங்கியில் ஒரு அரபிப் பெரிய மனிதர் வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்து, கை கொடுத்து, எந்தக் கம்பெனி என்று கேட்டார். அவர் மனதில் சந்தேகம் எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பெரியவர் கூட வந்த ஆள் அதைக் கவனித்துவிட்டான்.

"பத்தாக்கா கிதர் ஹை?" கார்டு எங்கே என்று அவனிடம் கேட்டான்.

அவன் சட்டைப்பையைத் தடவினான். எதற்குத் தடவினானோ. அந்த ஆள் என் பக்கம் திரும்பி, இவன் உன் ரூமா என்று இந்தியில் கேட்டான்.

"மாலும் நஹி, சாப்" என்றேன், தெரியாது என்று. தச்சன் என்னிடமிருந்து நாலடி தள்ளித்தான் நின்றான்.

அடுத்து அந்த ஆள் அவனிடம், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டான்.

"ரூம் மாஃபி, ரூமே இல்ல. பார்க்ல படுக்குறேன்" என்றான் அவன், என்னைப் பார்க்காமல்.

காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பலகைக்கு ஒருவரும் ஏறி வரவில்லை. நாங்கள் ஏழு பேரும் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே தூங்கினோம். அவனைத் தெரியாது என்று நான் சொன்னதைக் கேட்ட பிறகும்தான் அவன் அப்படிச் சொன்னான்.