பனியோடையின் முதல் தண்ணீர்

வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்று. அதில் கொஞ்சம் தண்ணீரும் சாம்பல் நிற மணலும். பல்கலைக்கழகத்தில் என் வேலை அதன் முன்னால்தான் தொடங்கியது. மணலுக்குள் கிடக்கும் புழுக்களைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் தேடி, இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்கு இது வரும் என்று என்னைக் கொண்டுபோய் விட்டவர் மச்சாள். என் கணவரின் அக்கா. அங்கே துப்புரவு வேலை செய்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆட்களோடு கதைக்கக் கூச்சம். தட்டோடு கதைக்கத் தேவையில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

மணல் மேற்கு மலைகளிலிருந்து வந்தது. அங்கே பெரிய பனிப்பாளத்தின் அடியிலிருந்து ஓர் ஓடை புறப்படுகிறது. அந்தப் புழுக்களை ஆராய்ந்த பேராசிரியை கோடைதோறும் போய் அள்ளி வருவார். நகரும் பனி பாறையை மாவாக அரைப்பதால், அவர் எடுத்து வந்த படத்தில் தண்ணீர் சாம்பல் கரைத்த பால் போலிருக்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயிலில் பனி உருகிப் பின்னேரம் ஆளை இழுக்குமாம். பனியின் வாயருகே உள்ள குளிரில் ஓரிரு வகைப் புழுக்கள் மட்டும் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும். கீழே இறங்க இறங்கத் தண்ணீர் சூடேறும், பாசி பிடிக்கும், வேறு பூச்சிகள் வரும். பனி சுருங்கினால் கீழே உள்ளவை மேலே ஏறும். மேலே உள்ளவற்றுக்கு ஏற இடமில்லை. இவ்வளவையும் மச்சாள் துடைப்பத்தைப் பிடித்தபடி எனக்குத் தமிழில் சொன்னார்.

தட்டில் போடுமுன் மணலைக் கழுவும் வேலை முதலில் வேறொருவருடையது. அவர் வராத ஒரு நாள் பேராசிரியை பனியின் வாயருகே அள்ளிய மணல் போத்தலை என்னிடம் தந்து, கழுவும்படி கையால் காட்டினார். நான் அரிசியைக் களைவதுபோல் களைந்தேன். மிதந்ததை முதல் தண்ணீரோடு தொட்டியில் சாய்த்தேன், அடியில் தங்கியதை வைத்துக்கொண்டேன். மத்தியானம்வரை தேடியும் தட்டில் ஒரு புழுகூட இல்லை. பேராசிரியை குனிந்து பார்த்தார், கொப்பியில் சைபர் போட்டார். அந்தப் புழு அழிந்துவிட்டது, இதற்குத்தான் பயந்தேன் என்று மச்சாளிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

தட்டைக் கழுவப் போனபோது தொட்டியின் விளிம்பில் நூல் துண்டு போல ஒன்று ஒட்டியிருந்தது. மணல் கனம், புழு கனமில்லை. அப்போதுதான் விளங்கியது.

மச்சாள் சிரித்தார். "புழு தானே. உன்ர வீட்டுச் சிங்கில எத்தினை போயிருக்கும்."

"அவ அது அழிஞ்சுபோச்செண்டு எழுதிப்போட்டா, மச்சாள்."

"எழுதட்டும். நீ சொன்னா உனக்கும் வேலையில்லை, கொண்டந்து விட்ட எனக்கும் இல்லை. இவ்வளவு நாளும் இல்லாத வாய் இண்டைக்கு எங்கயிருந்து வந்தது?"

"பொய்க் கணக்கெல்லோ. நான் சொல்லப்போறன்."

"அப்ப நீயே போய்ச் சொல்லு. நான் வரமாட்டன்."

எனக்குப் பேராசிரியையின் மொழி வராது. கதவைத் தட்டி, அவரைத் தொட்டியடிக்குக் கூட்டிவந்து, சாய்த்துக் காட்டி, விரல் நுனியில் புழுவை நீட்டினேன். அவர் ஏசவில்லை. முழங்காலிட்டு, வாளியை வைத்து, தொட்டிக்குக் கீழே வளைந்திருந்த குழாயைக் கழற்றினார். தேயிலைச் சக்கை, தலைமயிர், சேறு எல்லாவற்றையும் இருவருமாக இருட்டும்வரை கிளறி இன்னும் ஆறு எடுத்தோம். அவர் சைபரை வெட்டி ஏழு போட்டார், பக்கத்தில் நீளமாக ஏதோ எழுதினார்.

"என்ன எழுதிக்கிடக்கு?" என்று மச்சாளிடம் கேட்டேன்.

"கழுவேக்க கொஞ்சம் போயிட்டுதாம், முழுக்கணக்கு இல்லையாம். உன்ர பேர் இல்லை, பயப்பிடாத."

மறுநாள் என் மேசையில் கண் நெருக்கமான சல்லடை ஒன்று இருந்தது. பிறகு ஒன்பது வருடம் அங்கே இருந்தேன்.

இப்போது மகளோடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பேராசிரியை போன மாதம் தொலைபேசியில் கதைத்தார், பேர்த்தி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பனி மிகவும் மேலே போய்விட்டதாம். எங்கள் மணல் வந்த இடத்தில் இப்போது பாசியும் வேறு பூச்சிகளுமாம். இப்போது அங்கே போகிறவர்கள் மூன்று கோடை தொடர்ந்து தேடியும் அந்தப் புழு ஒன்றுகூட இல்லையாம்.

"முதல் தண்ணியை என்ன செய்தவையாம் எண்டு கேள்," என்றேன்.

அவள் கேட்டாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"ஒரு சொட்டும் ஊத்தேல்லையாம், அம்மம்மா. எல்லாம் வடிச்சுப் பாத்தவையாம்."

அதன் பிறகுதான் நம்பினேன்.