வெரீனா விட்டுக்கொடுத்த ஆறு கணக்குகள்

வெரீனா டிஷ் என்பவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்பது மன்ரோ ஊரில் சீஸ் ஆலைப் பக்கம் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். பால் லாரி வந்து நின்றதும் மாதிரி எடுத்து, கொழுப்பு எவ்வளவு என்று அளந்து, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு க்ரீமைக் கழிக்க வேண்டும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். ஒருமுறை கொழுப்பு அளவில் பூஜ்யம் புள்ளி ஒன்று இடித்தது என்று மூன்று லாரிகளை ஒன்றரை மணி நேரம் வாசலில் நிறுத்திவைத்தாள். அதில் ஒரு லாரியை ஓட்டிவந்தவன் கர்ட். அன்று வாய்க்கு வந்தபடி திட்டியவன் அடுத்த வருடம் அவளையே கல்யாணம் செய்துகொண்டான். அவனுக்கும் பொழுது போக வேண்டுமே.

ஆலை மேற்பார்வையாளர் பதவி இரண்டு முறை அவள் கைக்கு வராமல் நழுவிப் போனது. இரண்டு முறையும் பட்டம் வாங்கிய பையன்கள் வந்தார்கள். எந்தக் குழாய் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே வெரீனாதான். இப்போது இருப்பவரும் அடுத்த வருடம் கிளம்புகிறார். மாலை நேர எம்.பி.ஏ.வில் சேர்ந்திருந்தால் உன் பெயரையும் பார்ப்போம் என்று நிர்வாகம் வாயால் சொல்லிவிட்டது. கல்லூரி கேட்டது ஒன்றே ஒன்று: நுழைவுத் தேர்வில் எண்ணூறுக்கு ஐந்நூற்று ஐம்பது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூன் முதல் தேதி.

2016 பிப்ரவரியில் முதல் தடவை எழுதினாள். நானூற்று அறுபது வந்தது. கணக்குப் பகுதியில் முப்பத்தேழு கேள்விகள், எழுபத்தைந்து நிமிடம். வெரீனா இருபத்தாறு கேள்விகளைத்தான் பார்த்தாள். அந்தத் தேர்வில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போக முடியாது, போனால் திரும்பி வர முடியாது. கடைசியில் கேள்விகளை மிச்சம் வைத்தாலோ தப்பாகப் போட்டதைவிட அதிகமாக மதிப்பெண் குறையும். இதெல்லாம் தெரிந்தும் நான்காவது கேள்வியில் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். "ஆனா அதைச் சரியாப் போட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தாள். கேட்டவர்களுக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கும் வேலை பகல் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். செவ்வாயும் வியாழனும் மதியம் நூலகத்தில் டெவின் பார்த் என்ற கணித ஆசிரியனிடம் படிக்கப் போனாள். அவனுக்கு முப்பது வயதுகூட இல்லை. முதல் நாளே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. நாலு சதவீதக் கொழுப்புள்ள அறுபது கேலன் பாலை மூன்று சதவீதம் ஆக்க எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பது கேள்வி. கூடப் படித்த மற்ற நாலு பேர் எக்ஸ், ஒய் என்று எழுதி முடிப்பதற்குள் வெரீனா ஒரு கட்டம் வரைந்து, நடுவில் மூன்றும் மூலைகளில் நாலும் பூஜ்யமும் போட்டு, குறுக்கே கழித்து, இருபது கேலன் என்று கண்டுபிடித்துவிட்டாள். பால் ஆலைகளில் எல்லோரும் போடும் கட்டம்தான் அது. ஆனால் அந்த இருபதை விடையாக எழுத மறுத்துவிட்டாள். பாலில் தண்ணீர் சேர்த்தவனுக்கு உரிமமே போய்விடும், அதனால் விடை பூஜ்யம்தான் என்று வாதாடினாள். கேள்வி போட்டவனுக்குப் பசுவே இல்லை என்று டெவின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அரை மணி நேரம் வீணாய்ப் போனது.

இதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். அவளை உண்மையில் கவிழ்த்தது வேறொரு வகைக் கேள்வி. அதில் விடை என்ன என்று கேட்கவே மாட்டார்கள். இரண்டு தகவல்களைக் கொடுத்துவிட்டு, விடையைக் கண்டுபிடிக்க இவை போதுமா, போதாதா என்று மட்டும் கேட்பார்கள். போதும் என்று தெரிந்த மறுகணம் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். வெரீனா வைக்கமாட்டாள். கடைசி எண் வரும்வரை போட்டு, இன்னொரு தடவை சரிபார்த்து, அடியில் கோடும் போடுவாள்.

"விடை எவ்வளவுன்னு யாருங்க கேட்டா? கண்டுபிடிக்க முடியுமான்னுதான் கேக்குறாங்க" என்றான் டெவின்.

"முடியுமான்னு முடிச்சுப் பாத்தாதானே தெரியும்? அளக்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

டெவின் பேச்சை மாற்றினான். ஆலையைப் பற்றி விசாரித்தான். மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து பாலில் கலந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள்.

"அந்தப் பாலோட கொழுப்பை அளப்பீங்களா?"

"எதுக்கு? சோதனைப் பட்டையைப் பாத்த அடுத்த நிமிஷமே வண்டியைத் திருப்பச் சொல்லிடுவேன். பின்னாடி எத்தனை லாரி நிக்கும் தெரியுமா?"

"இங்கயும் பின்னாடி நிக்குது வெரீனா. போன தடவை பதினொண்ணு நின்னுச்சு. நீங்க கதவையே திறக்கல."

வெரீனாவுக்குச் சுருக்கென்றது. காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும், இனிமேல் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்தான், அதற்கு மேல் வைத்திருந்தால் என் கையிலிருந்து பிடுங்கிவிடு என்று கர்ட்டிடம் சொன்னாள். இருபது வருடமாக அவளிடமிருந்து எதையும் பிடுங்கிப் பழக்கமில்லாத மனிதன் பாவம், முதலில் நம்பவேயில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் சமையலறை மேசையில் ஒரே கூத்து. முட்டை வேகவைக்கும் கடிகாரம் அடித்ததும் கர்ட் காகிதத்தை இழுப்பான், வெரீனா விடமாட்டாள். முதல் வாரத்தில் நாலைந்து தாள்கள் இரண்டாகக் கிழிந்தன. "அம்மா தாயே, பாதிக் கணக்கை நீ போடு, மீதியை நான் போடுறேன்" என்பான் அவன். சனிக்கிழமை சீட்டாட வரும் சிநேகிதர்கள், வெரீனா தாளைக் கீழே போடக் கற்றுக்கொண்டால் நமக்கும் ஒரு ஆட்டம் ஜெயிக்கக் கிடைக்கும் என்று கேலி செய்தார்கள். அவளுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. விட்ட கணக்குகள் வேலை நேரத்திலும் மனதில் வந்து நின்றன. ஒருநாள் லாரியின் எண்ணை எழுதும் இடத்தில் ஒரு முக்கோணத்தின் பக்க நீளத்தை எழுதிவைத்தாள்.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் கடிகாரம் அடிப்பதற்கு முன்பே அவளாக ஒரு தாளைத் தள்ளிவைத்தாள். மேலே "திருப்பி அனுப்பு" என்று எழுதியிருந்தது. கர்ட் அதைப் படித்தான். எழுந்து போய் அவளுக்கு லிம்பர்கர் சீஸும் வெங்காயமும் வைத்து ரொட்டி செய்து கொண்டுவந்தான்.

தேர்வு மே மாதம் ஒரு சனிக்கிழமை, மாடிசன் நகரத்தில். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், ஆள் அவள்தானா என்று பார்க்க உள்ளங்கையை ஒரு கருவிமேல் வைக்கச் சொன்னார்கள். கணக்குப் பகுதியில் ஒன்பதாவது கேள்வி ஏழு பேரை வட்ட மேசையில் உட்காரவைப்பது பற்றி. அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது, ஒருவர் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அழகான கணக்கு. ஐந்து நிமிடம் கொடுத்தால் நிச்சயம் போட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்தாள். பிறகு ஏதோ ஒரு விடையை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள். தூங்கும் குழந்தையைத் தனியாக விட்டு வெளியே கிளம்பியதுபோல் குற்றவுணர்ச்சியாக இருந்தது. அப்படி இன்னும் ஐந்து கணக்குகளை விட்டாள். முப்பத்தேழாவதை முடித்தபோது நாற்பது விநாடி மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆங்கிலப் பகுதி அவளுக்குப் பெரிய விஷயமில்லை. செய்தித்தாளில் இரங்கல் குறிப்புகளைக்கூட விடாமல் படிப்பவள். எல்லாம் முடிந்ததும் திரையில் மதிப்பெண் வந்தது: ஐந்நூற்று அறுபது.

கீழே இரண்டு பொத்தான்கள். ஏற்றுக்கொள்கிறேன், ரத்து செய்கிறேன். இரண்டில் ஒன்றை இரண்டு நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். எதையும் அழுத்தாவிட்டால் மதிப்பெண் தானாகவே ரத்தாகிவிடும்.

வெரீனா பெயரைப் பார்த்தாள், தன் பெயர்தான். பிறந்த தேதியைப் பார்த்தாள். ஆறு கணக்கை விட்டவளுக்கு ஐந்நூற்று அறுபது எப்படி வரும்? கணக்குக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு என்று பக்கத்தில் இரண்டு சின்ன எண்கள் இருந்தன. இரண்டையும் கூட்டினாள், பெருக்கினாள், கட்டம் போட்டும் பார்த்தாள். எப்படிச் செய்தும் ஐந்நூற்று அறுபது வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணை அவள் ஆயுளில் ஏற்றுக்கொண்டதில்லை. திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது விநாடி, நாற்பது. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி இன்னொரு தடவை கூட்டத் தொடங்கினாள். பிடுங்குவதற்குக் கர்ட் பக்கத்தில் இல்லை.

பத்தொன்பது விநாடி இருக்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏற்றுக்கொள்கிறேன் என்பதை அழுத்தினாள்.

வெளியே கர்ட் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அவள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை காத்திருந்துவிட்டு, "எவ்வளவு கண்ணு?" என்றான்.

"ஐந்நூத்தி அறுபது."

"நல்லாப் பாத்தியா?"

"எப்படி வந்துச்சுன்னே தெரியல கர்ட். தெரியாமலே சரின்னு போட்டுட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். இருபத்திரண்டு வருடத்தில் சரிபார்க்காமல் அவள் ஏற்றுக்கொண்ட முதல் எண் அது. அவளைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொன்ன எண்.